நாய்க்கும் சேர்த்துக் கிடைத்த மாடி வீடு

கல்யாணமாகி மூன்றாவது மாதம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் கணவர் சித்தையன்கோட்டையிலிருந்து கனத்த பையோடு வந்து இறங்கினார். கத்தரிக்காய் வாங்கி வந்திருப்பார் என்று பைக்குள் கையை விட்டேன். ஈரமான மூக்கு ஒன்று என் விரலைத் தொட்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தார். வத்தலக்குண்டு, சித்தையன்கோட்டை என்று வாரம் முழுக்க பஸ்ஸில்தான் பிழைப்பு. அன்றைக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்காலில் கணக்குப் பார்த்துவிட்டுக் கிளம்பியபோது, வாய்க்காலில் விழுந்து கிடந்த இந்தக் குட்டியைத் தூக்கி வெளியே விட்டிருக்கிறார். அது பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பின்னாலேயே வந்துவிட்டது. கண்டக்டர், "பையை விட்டு வெளிய தலை நீட்டுச்சுன்னா அதுக்கும் டிக்கெட்டுப் போடுவேன் சார்" என்றாராம். வழியெல்லாம் அது தலையை நீட்டவே இல்லை என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு நாய் என்றால் பயம். என் அப்பா திண்டுக்கல்லை ஒட்டிய கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். மாதா கோயில் வளாகத்துக்குள்ளேயே எங்களுக்கு வீடு. நாய்கள் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜீவன்கள் என்றுதான் நான் வளர்ந்தேன். இரண்டு நாளில் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார். நானும் நம்பினேன். இரண்டு நாள் இரண்டு மாதமானது. உடம்பு முழுக்க ஒரே செம்பழுப்பு நிறம், நெஞ்சில் மட்டும் விரல்கடை அளவு வெள்ளை. நிறத்தை வைத்தே செவலை என்று கூப்பிட ஆரம்பித்தோம்.

அப்போது திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஒரே கூரையின் கீழ் ஆறு குடித்தனம், ஒரே கிணறு, பின்னால் ஒரே முற்றம். நயா பைசா வந்த புதிது. கடையில் சில்லறை மாற்றத் தெரியாமல் எல்லாரும் திண்டாடிக்கொண்டிருந்த காலம். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலை வேலை முடிந்து நான் வருவதற்குள் செவலை என்னென்ன செய்தது என்று சொல்வதற்கு ஐந்து குடித்தனக்காரர்களும் தயாராக இருப்பார்கள். ஒருநாள் முற்றத்தில் காயவைத்திருந்த வடகம் முழுவதையும் தின்றுவிட்டது. அன்று மாலையே வீட்டுச் சொந்தக்காரர் வந்தார்.

"நாய் போகணும், இல்லாட்டி நீங்க போகணும். மாசக் கடைசிக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம்தான். என் கணவர் செவலையின் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அதைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் அதே கொடிக்காலில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். ராத்திரி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார். வீடு சுத்தமாக இருந்தது.

புதன்கிழமை காலை, நான் வேலைக்குக் கிளம்புவதற்குக் கதவைத் திறந்தேன். படியில் செவலை படுத்திருந்தது. உடம்பெல்லாம் புழுதி, ஒரு காதில் முள் கிழித்த ரத்தம். பாதங்கள் நான்கும் வெடித்து, தோல் உரிந்து சிவந்திருந்தன. எழுந்திருக்க முடியாமல் வாலை மட்டும் தரையில் ஒரு தரம் தட்டியது. சித்தையன்கோட்டைக்கும் திண்டுக்கல்லுக்கும் பஸ்ஸிலேயே இடுப்புக் கடுக்க உட்கார வேண்டும். அது போனது பஸ்ஸில், அதுவும் சீட்டுக்கு அடியில். வழி எப்படித் தெரிந்தது? எத்தனை ஊர் நாய்களைத் தாண்டி வந்தது? இத்தனை தெருக்களுக்கு நடுவில் எங்கள் கதவு இதுதான் என்று யார் சொன்னது? நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நாயின் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவினேன். அன்றைக்கு எக்ஸ்சேஞ்சுக்கு அரை மணி நேரம் தாமதம். ஏன் என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு வீடு தேடும் படலம்தான். வீடு நிறைய இருந்தது. சாதி கேட்டார்கள், என்ன சாமி கும்பிடுகிறீர்கள் என்று கேட்டார்கள், கறி மீன் சமைப்பீர்களா என்று கேட்டார்கள். எல்லாவற்றையும் தாண்டி வந்தால் கடைசியில் செவலை. "நாயா? அதுவும் பொட்டை நாயா? வருசத்துக்கு ரெண்டு தரம் குட்டி போடுமே" என்று ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து வெற்றிலை பாக்குக்கூட மாற்றிக்கொண்டோம். அந்த வீட்டுப் பெரியவர் கோழி வளர்ப்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. வெற்றிலையைத் திருப்பிக் கேட்காததுதான் பாக்கி.

எக்ஸ்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த மூத்த ஆபரேட்டரிடம் இதையெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தேன். அவர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "வத்தலக்குண்டு ரோட்டுல புதுசா மாடி வீடு கட்டியிருக்காங்களே, புகையிலை மண்டிக்காரங்க, அங்க கேட்டியா?" என்றார்.

"அது பெரிய பங்களாவாச்சே அக்கா. நமக்கெல்லாம் குடுப்பாங்களா?"

"மாடியை வாடகைக்கு விடறாங்களாம். நல்ல நல்ல குடும்பமா நாலஞ்சு பேர் போய்க் கேட்டுட்டுத் திரும்பி வந்துட்டாங்க. அந்த அம்மா, உங்ககிட்ட நாய் இருக்கா, பூனை இருக்கான்னு கேக்குதாம். இல்லன்னு சொன்னா, அப்ப வீடு இல்லன்னு அனுப்பிருதாம். ஏதோ கோளாறுன்னு பேசிக்கிறாங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செவலையைக் கிணற்றடியில் நிறுத்தி சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். குதிரைவண்டிக்காரர் நாயை ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். நடந்தே போனோம். ஊர் முடிந்து வயல்கள் தொடங்குகிற இடத்தில், புளியமரங்களுக்குப் பின்னால் அந்த வீடு நின்றது.

அதற்கு முன் எத்தனையோ முறை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. வெளிர் மஞ்சள் சுவர். மாடியில் அரைவட்டமாக வெளியே நீண்ட பால்கனி. ஜன்னல்களுக்கு மேலே சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணாடி. கேட்டிலிருந்து வாசல் வரைக்கும் ஜல்லி போட்ட பாதை. என் கணவர் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தது எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கார ஐயா கதவைத் திறந்தார். வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. எங்களை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே பார்த்து, "நாயோட வந்திருக்காங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

உள்ளேயிருந்து அந்த அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒல்லியான, உயரமான உடம்பு. சாதாரணக் கைத்தறிச் சேலை. கழுத்தில் ஒரு சங்கிலியைத் தவிர ஒன்றுமில்லை. எங்களைப் பார்க்கவே இல்லை. செவலைக்கு முன்னால் நான்கடி தள்ளி நின்றுகொண்டு அதையே பார்த்தார். அது வழவழப்பான தரையில் நிற்க முடியாமல் நான்கு கால்களும் நான்கு பக்கமும் வழுக்க, மெதுவாகச் சரிந்து வயிற்றால் படுத்துக்கொண்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

"கால்ல என்ன தழும்பு?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். கொடிக்காலில் விட்டது, மூன்றாம் நாள் நடந்தே திரும்பி வந்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அந்த அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துருச்சா?" என்றார்.

"வந்துருச்சும்மா."

"அம்புட்டு தூரமும்?"

"ஆமாம்மா."

நாற்காலியிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஐயாவிடம், "மாடிச் சாவியக் குடுங்க" என்றார்.

என் கணவர் நேர்மையான மனுஷன். "அம்மா, எங்களுக்கு இவ்வளவு பெரிய வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகாது. இதையும் சொல்லிடணும், நாங்க கிறிஸ்தவங்க" என்றார்.

"நான் கேக்கலையே" என்றார் அந்த அம்மா. "இப்ப என்ன வாடகை குடுக்கிறீங்களோ அதக் குடுங்க. நாய் மாடியில, கீழ, தோட்டத்துல எங்கன வேணாலும் இருக்கலாம். கட்டிப்போடக் கூடாது. அது ஒண்ணுதான் நான் சொல்றது."

நான் படியேறிப்போய்ப் பார்த்த அந்த மாடியை எப்படிச் சொல்வது? தரை மொசைக். அதற்குமுன் திண்டுக்கல்லில் நான் மொசைக் தரை பார்த்தது ஒரு டாக்டர் வீட்டில் மட்டும்தான். அங்கும் வாசலோடு சரி. இங்கே மூன்று அறைகளும் கூடமும் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி தெளித்துப் பளபளத்தன. காலை வைத்தால் குளிர்ச்சி முழங்கால் வரைக்கும் ஏறியது. கூடத்தில் மின்விசிறி. சுவரில் பித்தளைக் குமிழோடு சுவிட்ச். கதவுகள் எல்லாம் தேக்கு. ரங்கூனில் பார்த்த மாதிரியே செய்யச் சொல்லி ஆசாரியிடம் வரைந்து கொடுத்ததாக ஐயா சொன்னார். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, தரையில் சிவப்பும் நீலமும் சிந்திக் கிடந்தது. செவலை அந்தச் சிவப்பை மோந்து பார்த்தது.

எல்லாவற்றையும் விடக் குளியலறைதான். ஐயா ஒரு குழாயைத் திருகினார். மாடியில், மனுஷன் யாரும் தூக்கிக்கொண்டு வராமல், தண்ணீர் கொட்டியது. திண்டுக்கல்லில் வளர்ந்தவர்களுக்கு இது என்ன என்று தெரியும். கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கிற ஊர். கிணற்றில் மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டியில் ஏற்றுகிறோம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீருக்குக் கீழே கையை நீட்டியபடியே நின்றேன். "நிறுத்திடுங்க, வீணாகுது" என்று கடைசியில் நான்தான் சொன்னேன்.

குடிபோன முதல் வாரம் நான் வீட்டுக்குள் மெதுவாகத்தான் நடந்தேன். சுவிட்சைப் போட்டு அணைத்துப் போட்டு அணைத்துப் பார்த்தேன். எங்களிடம் இருந்த சாமான் மொத்தமும் ஒரு அறையின் ஒரு மூலையைக்கூட நிரப்பவில்லை. இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு பாய்க்கட்டு, நான்கு பாத்திரம். பேசினால் கூடம் திருப்பிப் பேசியது. அப்பா பார்க்க வந்தபோது கேட்டிலேயே செருப்பை விட்டுவிட்டு ஜல்லியில் வெறுங்காலோடு நடந்து வந்தார். மாடி ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "உண்மையச் சொல்லு, இது யார் வீடு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

காலை வேலை இல்லாத நாட்களில் விடிகிற நேரத்தில் மொட்டைமாடிக்குப் போவேன். செவலையும் வரும். கிழக்கே ஊரும் மலைக்கோட்டைப் பாறையும். அந்தப் பாறையின் நிழலிலேயே வளர்ந்தவள் நான். ஆனால் அதை முழுசாக, அடியிலிருந்து உச்சி வரைக்கும், ஒரே பார்வையில் அன்றுவரை பார்த்ததில்லை. தெற்கே சிறுமலை நீலமாகப் படுத்திருக்கும். மேற்கே வயலும் தென்னந்தோப்புமாகப் போய், கண்ணுக்கு எட்டுகிற கடைசியில் கோடைக்கானல் மலை மேகத்தோடு மேகமாக நிற்கும். ஐப்பசியில் ஒருநாள் மழை வருவதைப் பார்த்தேன். நம் மேல் விழுகிற மழை தெரியும். வருகிற மழையை அதற்குமுன் பார்த்ததில்லை. சாம்பல் நிறத் திரை ஒன்று மலையடியிலிருந்து கிளம்பி, தோப்புத் தோப்பாக அழித்துக்கொண்டு, வயல் வயலாக எங்களை நோக்கி நடந்து வந்தது. ஓடிப்போய் உள்ளே நிற்க வேண்டும் என்றே தோன்றவில்லை. முழுக்க நனைந்துவிட்டேன்.

இந்த வீட்டில் ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா தினமும் காலையில் ஒரு கும்பாவில் பழைய சோறும் மோரும் கரைத்துப் பின்வாசல் படியில் வைப்பார். செவலை தின்று முடிக்கிற வரைக்கும் நின்று பார்ப்பார். ஆனால் தொடமாட்டார். அது வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் போனால் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வார். பிடிக்காதவர் ஏன் சோறு வைக்க வேண்டும்? பயமா என்றால் பயமும் இல்லை.

அந்த வருஷத்துத் தை மாதத்தில் ஒருநாள் கேட்டில் கார் வந்து நின்றது. இறங்கியவர் வெளியூரிலிருந்து இங்கே ஒரு பெரிய மில்லுக்கு மேனேஜராக வந்திருந்தவர். கோட்டு, பின்னால் டவாலி போட்ட ஒரு சேவகன். நான் கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வராந்தாவில் அவர் பேசியது அப்படியே காதில் விழுந்தது.

"மேல இருக்கிறவங்க என்ன தர்றாங்களோ அதைப்போல மூணு மடங்கு தர்றேன். ஒரு வருஷத்து வாடகையை முன்னாடியே தந்துடுறேன்."

"ஆள் இருக்காங்களே" என்றார் அம்மா.

"வேற வீடு பார்த்துக்குவாங்க. அவங்களுக்கு இது அதிகம்தானே? நாயை வேற வெச்சிருக்காங்க. மொசைக் தரையை நாய் கீறிடும்மா."

"கீறட்டும். உங்ககிட்ட நாய் இருக்கா?"

"சேச்சே. எனக்கு ஆகவே ஆகாது."

"அப்ப ஒங்களுக்கு இந்த வீடு ஆகாதுங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு? மேல இருக்கிறவங்களுக்கா?"

"இல்ல. ஒரு நாய்க்கு."

அவர் ஐயாவைப் பார்த்தார். ஐயா தரையைப் பார்த்தார். கார் போய்விட்டது. நான் பிழிந்த சேலையைக் கையில் வைத்தபடியே நின்றேன். மேலே ஓடிப்போய்விடலாம் என்று நினைத்தபோது அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டார். "இங்க வா தாயி" என்று கூப்பிட்டு, துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு, யாரிடமோ சாமான் பட்டியல் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னார்.

கல்யாணமான கையோடு ரங்கூன் போனவர் அவர். ஐயாவுக்கு அங்கே ஒரு மரக்கடையில் வேலை. வெள்ளை நாய் ஒன்று வளர்த்தார்கள். ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும் கப்பலில் இடம் கிடைக்காதவர்களோடு சேர்ந்து நடந்தே கிளம்பினார்கள். நாயை அவிழ்த்து விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஊர் எல்லையில் திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறது.

"காடு தாயி. மழை. பக்கத்துல நடந்து வந்தவங்க திடீர்னு உக்காருவாங்க. அப்புறம் எந்திரிக்க மாட்டாங்க. எனக்குக் காய்ச்சல் வந்துருச்சு. ஒதறிக்கிட்டுக் கெடக்கேன். அது என் மேல வந்து படுத்துக்கும், சூட்டுக்கு. ஒரு வாரம் அப்படித்தான் உசுரு நின்னுச்சு. வெளிச்சம் வந்ததும் எந்திரிச்சு, நான் எந்திரிக்கிற வரைக்கும் கத்தும். அது கத்தலன்னா நானும் உக்காந்த எடத்துலயே இருந்திருப்பேன்."

பல வாரம் நடந்து ஒரு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். படகு நிறைய ஆட்கள். படகுக்காரன் நாயை ஏற்றமாட்டேன் என்றான். அடுத்த படகு வருமா என்று யாருக்கும் தெரியாது. ஏறிவிட்டார்கள். நாய் தண்ணீரில் குதித்து நீந்தி வந்தது.

"பாதி ஆத்துல திரும்பிப் பாத்தேன். தலை தெரிஞ்சுச்சு. அதுக்கப்புறம் நான் பாக்கல. அக்கரைக்குப் போயும் பாக்கல. வந்து சேந்துச்சோ என்னமோ, எனக்குத் தெரியாது. பாக்கத் தைரியம் இல்ல" என்றார். "அன்னைக்கு நெனச்சுக்கிட்டேன். என்னைக்காச்சும் எனக்குன்னு ஒரு வீடு கட்டுனா, நாய் கூட வந்திருக்குன்னு ஒருத்தரையும் திருப்பி அனுப்ப மாட்டேன்னு. நானே ஒண்ணு வளக்கலாம்தான். தொட முடியல. அதான் வளக்கிறவங்களாப் பாத்துக் குடி வைக்கலாம்னு."

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழவில்லை. நான்தான் கொடியில் துணியைப் போட்டுவிட்டு அதன் பின்னால் நின்று அழுதேன். மாடிக்குப் போய்த் தரையைப் பார்த்தேன். நான் நடந்துகொண்டிருப்பது எதன் மேல் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து நடந்தது இது. நகராட்சியில் வளர்ப்பு நாய்களுக்குத் தகட்டு வில்லை கொடுப்பார்கள். கழுத்தில் கட்டிவிட வேண்டும். வில்லை இல்லாத நாய்களைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பழைய வில்லைக்குக் கெடு முடிந்து புதியது வாங்க வேண்டும் என்று நானும் அவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தோம். இருவரும் வாங்கவில்லை.

அன்று எனக்குக் காலை வேலை. எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு எதிரே ஒரு பலகை. ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சின்ன மூடி. யாராவது கூப்பிட்டால் மூடி விழும், நாங்கள் வயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்க வேண்டும். பத்து மணி இருக்கும். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்து நம்பரின் மூடி விழுந்தது. ஐயா மண்டிக்குப் பேசுவார் என்று நினைத்துச் செருகினேன்.

"தாயி, நீதானா?"

அந்த அம்மா டெலிபோனைத் தொட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது.

"நான்தாம்மா. என்னாச்சு?"

"செவலையப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. கேட்டுக்கு வெளிய படுத்திருந்துச்சு. கூண்டு வண்டியில போட்டுட்டாங்க. நான் ஓடுறதுக்குள்ள போயிட்டாங்க."

பிடித்த நாய்களை என்ன செய்வார்கள் என்று ஊருக்கே தெரியும். பலகையை விட்டு எழுந்து ஓட முடியாது. மாற்று ஆள் வர மதியம் இரண்டு மணியாகும். மூத்த ஆபரேட்டர் அன்று விடுமுறை. என் கணவர் வத்தலக்குண்டில் எந்தச் சங்கத்தில் இருக்கிறாரோ.

"அம்மா, நகராட்சி ஆபீசுக்குக் கனெக்‌ஷன் தர்றேன், பேசறீங்களா?"

"குடு."

செருகினேன். இணைப்புக் கொடுத்துவிட்டால் நாங்கள் எங்கள் காதுக்குக் கேட்கும் விசையை மூடிவிட வேண்டும். பிறர் பேசுவதைக் கேட்பது குற்றம். நான் மூடவில்லை. என் வேலையில் நான் செய்த ஒரே தப்பு அது.

யாரோ ஒரு குமாஸ்தா எடுத்தார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, "வில்லை இல்லாத நாய்ன்னா ஒண்ணும் பண்ண முடியாதும்மா. மத்தியானத்துக்குள்ள முடிச்சிருவாங்க. வேற ஒண்ணு வளத்துக்கங்க" என்றார்.

"எங்கன வெச்சிருக்கீங்க?"

"அங்கெல்லாம் பொம்பளைங்க வரக் கூடாதும்மா."

"தம்பி, நான் காட்டுல பொணத்தத் தாண்டித் தாண்டி நடந்து இந்த ஊருக்கு வந்தவ. எங்கன வரலாம் எங்கன வரக் கூடாதுன்னு நீ எனக்குச் சொல்லாத. எடத்த மட்டும் சொல்லு. தப்பு எங்க பேர்ல. வில்லைக்கு, தண்டத்துக்கு என்ன உண்டோ கட்டிருதேன். நான் வாறதுக்குள்ள அது மேல கைய வெக்காம இருக்கச் சொல்லு. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "செத்த நேரம் இருங்கம்மா. நானே ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்றேன். நீங்க வந்துருங்க" என்றார் அந்தக் குமாஸ்தா. குரல் மாறியிருந்தது. அவர் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை.

அடுத்த நான்கு மணி நேரம் எத்தனை நம்பர் செருகினேன், யாரை யாரோடு சேர்த்தேன், எனக்குத் தெரியாது. மாற்று ஆள் வந்ததும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். வத்தலக்குண்டு ரோட்டில் புளியமரங்களுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைவண்டி எதிரே திரும்பி வந்தது, காலியாக. வண்டிக்காரர் என்னைப் பார்த்து, "அந்த அம்மா நாயை ஏத்துன்னுச்சு. மாட்டேன்னு சொல்ல வாய் வரல தாயி" என்றார்.

வராந்தாப் படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். சேலையெல்லாம் சேறும் நாய் மயிரும். தலை கலைந்திருந்தது. ஒரு முழங்கையில் சிராய்ப்பு. செவலை அவர் மடியில் பாதியும் படியில் பாதியுமாகக் கிடந்தது, வளர்ந்த நாய், மடி கொள்ளவில்லை. அவருடைய இரண்டு கைகளும் அதன் கழுத்தைச் சுற்றியிருந்தன. அது அவர் தாடையை நக்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஐயா கொஞ்சம் தள்ளி நின்று மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்குள் கால் வைக்காமல் அங்கேயே நின்றேன். கோயில் பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது அசையாமல் இருப்போமே, அந்த மாதிரி நின்றேன்.

வெகுநேரம் கழித்து அவர் தலையை நிமிர்த்தி, "கூண்டுக்குள்ள இருந்து நான் கூப்பிட்டதும் வந்துருச்சு தாயி" என்றார்.

அன்றிலிருந்து செவலை எங்கள் நாய் என்று சொல்ல முடியாது. பகலெல்லாம் கீழே, ராத்திரி மேலே. அடுத்த ஆண்டு நான்கு குட்டிகள் போட்டது, எங்கள் மாடியில் இல்லை, அவர்கள் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில். வெள்ளைக் குட்டி ஒன்றை அம்மா வைத்துக்கொண்டார்.

ஏழு வருஷம் அந்த மாடியில் இருந்தோம். என் இரண்டு பிள்ளைகளும் அந்த மொசைக் தரையில்தான் தவழ்ந்தார்கள். பிறகு என் கணவருக்கு ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றலானது. நானும் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில் இருந்த பழனிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். லாரியில் சாமான் ஏற்றிய அன்று அம்மா செவலையின் கழுத்தில் புது வில்லையைக் கட்டிவிட்டு, முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எங்களுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தார்.

ஒட்டன்சத்திரத்தில் ஓட்டு வீடுதான். குழாய் கிடையாது. "ஏனுங்க, நாய் கடிக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். செவலை அங்கே இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கண் மங்கி, பல் கொட்டி, ஒரு மாசி மாதத்து மத்தியானம் வேப்பமரத்தடியில் தூங்கியபடியே போய்விட்டது.

அதைச் சொல்வதற்காகவே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. வீடு அப்படியே இருந்தது. அம்மாவுக்கு முன்தலை நரைத்திருந்தது. வெள்ளை நாய் என்னை மோந்து பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. நான் சொன்னதைக் கேட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"கஷ்டப்பட்டுச்சா?"

"இல்லம்மா. தூக்கத்துலயே."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"நான் இருந்தேன். தலை என் கால்மேல இருந்துச்சு."

"அது போதும்" என்றார்.

காப்பி கொண்டுவந்து வைத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே டக் டக் என்று ஏதோ நடந்து போகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் இல்லை, நாயும் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மேல இப்ப பேண்டு வாத்தியம் வாசிக்கிறவர் குடும்பம் இருக்கு" என்றார் அம்மா. "ஆட்டோட வந்தாங்க. ஒருத்தரும் எடம் குடுக்கலையாம்."

வெளியே வந்து ஜல்லிப் பாதையில் நின்று பார்த்தேன். அரைவட்டப் பால்கனியின் கம்பிகளுக்கு இடையில் தலையை நீட்டி, கறுப்பு வெள்ளாடு ஒன்று வாயை அசைபோட்டபடி, வயல்களுக்கும் தோப்புகளுக்கும் அப்பால் மேகம் இறங்கிக்கொண்டிருந்த கோடைக்கானல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.